பச்சையாச்சு சரி... கீழ போச்சா?

கேன்டீன் சயின்ஸ்

போன வருஷம் பக்கத்து ஊர் காலேஜ் சிம்போசியத்துல ஒரு பேப்பர் பிரசன்ட் பண்ணினேன். தலைப்பு: 'குளோபல் வார்மிங்குக்கு ஒரு மூட்டை இரும்பு!' தலைப்பைப் பார்த்தே பாதி ஹால் நிறைஞ்சிடுச்சு. மீதிப் பாதி ஏ.சி.க்காக வந்த கூட்டம்.

மேட்டர் சிம்பிள். அன்டார்டிகாவைச் சுத்தி இருக்கிற கடல்ல நைட்ரேட், பாஸ்பேட்னு சத்தெல்லாம் தாராளம். இரும்புதான் பத்தாக்குறை. அதனால நுண்பாசி அங்கே நினைச்ச அளவு வளர்றதில்லை. நாம கொஞ்சம் இரும்பைக் கரைச்சு ஊத்தினா? பாசி மளமளன்னு வளரும். வளரும்போது கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துக்கும். செத்ததும் அந்தக் கார்பனோட கடலடிக்குப் போய் செட்டில் ஆயிடும். பூமி கூல்!

இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஜான் மார்ட்டின்னு ஒரு அமெரிக்கக் கடல் விஞ்ஞானி, "அரை டேங்கர் இரும்பு கொடுங்க, ஒரு பனியுகத்தையே தர்றேன்"னு 1988-ல ஜாலியா சொன்ன ஐடியா. நான் அதுக்கு ரெண்டு சாட்டிலைட் படம், மூணு அனிமேஷன் சேர்த்தேன். நீலக் கடலுக்கு நடுவுல பச்சைத் திட்டு வந்ததும் செம கைதட்டல்.

அப்புறம்தான் ஆப்பு. முன் வரிசையில ஜட்ஜா உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு புரொஃபசர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே கேட்டார். "தம்பி, பச்சையாச்சு, சரி. கீழ போச்சா?"

"போயிருக்கும் சார்."

"எப்படித் தெரியும்?"

"சார்... கிராவிட்டி..."

ஹாலே சிரிச்சது. எனக்கு செகண்ட் பிரைஸ் கொடுத்தாங்க. ஆனா பஸ்ல வர்ற வழியெல்லாம் அந்த ஒரு கேள்விதான் ஓடிக்கிட்டே இருந்தது. கடல்ல, கண்ணுக்குத் தெரியாத ஆழத்துல, எவ்வளவு குப்பை கீழே விழுதுன்னு யார் எண்ணுவாங்க?

எண்ண ஆள் இருக்கு ஃப்ரெண்ட்ஸ். அதோட பேர் தோரியம்-234.

கடல்லயே கதிரியக்கமா?

ரேடியோ ஆக்டிவ்னு சொன்னதும் பயந்துடாதீங்க. இது அணு உலையில இருந்து கசிஞ்சது இல்லை. பூமி உருவானதுல இருந்தே இருக்கிற சமாசாரம். சாதாரண கடல் தண்ணி ஒரு லிட்டர் எடுத்தா, அதுல இருக்கிற பொட்டாசியம்-40 அணுக்கள்லயே நொடிக்குச் சுமார் 12 சிதையுது. நாம அதுல குளிச்சு, கும்மாளம் போட்டு, மீன் பிடிச்சு சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கோம்.

அதே தண்ணியில யுரேனியமும் இருக்கு. ஒரு டன் கடல் நீருக்கு ஏறக்குறைய 3 மில்லிகிராம். துக்கடாதான். ஆனா நம்ம கதைக்கு இது போதும். காரணம், யுரேனியம் சிதையறப்போ தோரியமா மாறும். இந்த அப்பா, பிள்ளை ரெண்டு பேரோட குணமும் நேர் எதிர்.

யுரேனியம் சீட் பிடிச்ச சீனியர் மாதிரி. கடல் நீர்ல இருக்கிற கார்பனேட்டோட கைகோத்துக்கிட்டு கரைஞ்ச நிலையிலேயே நிம்மதியா இருக்கும். லேசுல எழுந்திருக்காது. அதனால திறந்த கடல்ல உப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சாலே யுரேனியம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டுடலாம்.

தோரியம் பக்கா ஃபுட்போர்டு பார்ட்டி. கரைஞ்சு இருக்கவே பிடிக்காது. பக்கத்துல எந்த வண்டி வந்தாலும் தொத்திக்கும். செத்த பாசி, குட்டி உயிரினங்களோட கழிவு, தூசி எதுவா இருந்தாலும் ஓகே. அந்த வண்டி கீழே இறங்கினா, தோரியமும் கூடவே இறங்கிடும்.

மெஸ் தோசைக் கணக்கு

இப்போ நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வாங்க. தோசை மாஸ்டர் நிமிஷத்துக்கு இத்தனை தோசைன்னு ஒரே ஸ்பீடுல ஊத்தி, கவுன்ட்டர்ல இருக்கிற தட்டுல போட்டுக்கிட்டே இருக்கார். தட்டுல தோசை கூடக் கூட, எடுக்கிற கையும் கூடும். கொஞ்ச நேரத்துல ஒரு பேலன்ஸ் வந்துடும். எவ்வளவு வருதோ, அவ்வளவே போகும். தட்டுல எப்பவும் 20 தோசை நிக்குதுன்னு வெச்சுக்குவோம்.

ஒருநாள் போய்ப் பார்த்தா தட்டுல 12 தோசைதான் இருக்கு. மாஸ்டர் ஸ்பீடு குறையலை. பசங்களும் மாறலை. அப்போ என்ன அர்த்தம்? பின்வாசல் வழியா யாரோ பார்சல் கட்டறாங்க!

மாஸ்டர்தான் யுரேனியம்-238. அதோட அரை ஆயுள் 447 கோடி வருஷம். நம்ம வாழ்நாள்ல அவர் கை தளராது. தோசைதான் தோரியம்-234. அதுக்கு அரை ஆயுள் 24.1 நாள்தான். யாரும் தொந்தரவு பண்ணலைன்னா ரெண்டோட சிதைவு வேகமும் சமமா இருக்கணும். வழக்கமான உப்பு உள்ள கடல் நீர்ல லிட்டருக்கு, நிமிஷத்துக்குச் சுமார் 2.4 யுரேனியம் அணு சிதையும். அப்போ தோரியமும் அதே 2.4 காட்டணும்.

ஆழ்கடல்ல அப்படித்தான் காட்டுது. ஆனா பாசி வளர்ற மேல் அடுக்குல குறைவா இருக்கு. அந்தக் குறைதான் பின்வாசல் பார்சல். மேலே இருந்து துகள்கள் விழும்போது தோரியத்தையும் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சுன்னு அர்த்தம். 24 நாள் அரை ஆயுள்ங்கிறது இங்கே லக்கி பிரைஸ் மாதிரி. பாசி வளர்ந்து, வாடி, விழறதும் சில வாரக் கதைதான். அதுக்கு ஏத்த கடிகாரம்.

பம்பாய்ல பிறந்த டெக்னிக்

இதைத் தேடிப் படிக்கும்போது எனக்கு ஒரு இன்ப அதிர்ச்சி. கடல்ல இந்த தோரியம்-யுரேனியம் விகிதத்தை அளந்து, மேல்பரப்புல தோரியம் குறையுதுன்னு காட்டின முன்னோடிக் கட்டுரை 1969-ல வெளியானது. எழுதினவங்க பட், கிருஷ்ணசாமி, லால், ராமா, மூர். வேலை நடந்தது பம்பாய் டி.ஐ.எஃப்.ஆர்.ல, அதாவது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துல!

அந்த லால்தான் தேவேந்திர லால். காஸ்மிக் கதிர்கள்ல ஆரம்பிச்சு, அந்தக் கதிர்கள் உருவாக்கற ஐசோடோப்புகளை வெச்சுக் கடல், பனி, பாறைன்னு எல்லாத்துக்கும் கடிகாரம் தேடின மனுஷர். 1972-ல அகமதாபாத் பி.ஆர்.எல்.லுக்கு இயக்குநராப் போனார். இன்னிக்கும் இந்தியாவுல கடல் ஐசோடோப் ஆராய்ச்சின்னா முதல்ல சொல்ற பேர்கள்ல ஒண்ணு அந்த நிறுவனம்தான். சிம்போசியத்துல நான் காட்டின ஸ்லைடு எல்லாம் இம்போர்ட்டட். என்னைக் கவுத்த கேள்விக்கான பதில் மட்டும் லோக்கல்!

கால்குலேட்டர் எடுங்க

அளக்கிற விதம் நம்ம கெமிஸ்ட்ரி லேப் மாதிரியேதான். சில லிட்டர் கடல் நீர். அதுல பொட்டாசியம் பெர்மாங்கனேட், மாங்கனீஸ் குளோரைடு, கொஞ்சம் அம்மோனியா. மாங்கனீஸ் டை ஆக்ஸைடு பழுப்பா வீழ்படியும். தொத்திக்க வண்டி தேடற தோரியம் அதுல ஏறிக்கும். வடிகட்டி, காயவெச்சு, கப்பல்லயே பீட்டா கவுன்ட்டர்ல வெச்சு எண்ணுவாங்க. ஏறக்குறைய ஆறு மாசம் கழிச்சு அதே ஃபில்டரை மறுபடியும் எண்ணணும். அதுக்குள்ள தோரியம்-234 கிட்டத்தட்ட எல்லாமே போயிருக்கும். மிச்சம் வர்ற எண்ணிக்கை பின்னணி இரைச்சல். அதைக் கழிச்சாத்தான் ஃபைனல் மார்க். ரீவேல்யுவேஷன் ரிசல்ட்டை விட லேட்!

இப்போ ஒரு உதாரணக் கணக்கு. எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. மேல் 100 மீட்டர்ல தோரியம் 2.4-க்குப் பதிலா சராசரியா 1.5 இருக்கு. லிட்டருக்கு 0.9 குறை. ஒரு சதுர மீட்டருக்குக் கீழே 100 மீட்டர் ஆழம்னா ஒரு லட்சம் லிட்டர். மொத்தக் குறை 90,000. இதைத் தோரியத்தோட சிதைவு மாறிலியால பெருக்கணும். 0.693-ஐ 24.1-ஆல வகுத்தா 0.0288. பெருக்கினா நாளுக்குச் சுமார் 2,590. இவ்வளவு தோரியம் தினமும் 100 மீட்டருக்குக் கீழே இறங்குது.

ஆனா நமக்கு வேண்டியது கார்பன். அதுக்கு 100 மீட்டர் ஆழத்துலயே துகள்களை வடிகட்டி எடுத்து, ஒரு யூனிட் தோரியத்தோட எவ்வளவு கார்பன் ஒட்டியிருக்குன்னு அளப்பாங்க. அது 5 மைக்ரோமோல்னு வெச்சா, ஒரு சதுர மீட்டர்ல தினமும் 13 மில்லிமோல் கார்பன் இறங்குது. சுமார் 0.16 கிராம். முடிஞ்சது கணக்கு. ரெண்டாவது செமஸ்டர் மேத்ஸை விட ஈஸி!

இதுல வில்லங்கமும் உண்டு. அந்தக் கார்பன், தோரியம் விகிதம் எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்காது. பெரிய துகளுக்கு ஒண்ணு, சின்னதுக்கு ஒண்ணு, ஆழத்துக்கு ஆழம் வேற. தண்ணி பக்கவாட்டுல நகர்ந்தாலும் கணக்கு ஆடும். அதனால ஒரே ஒரு பாட்டில் தண்ணியை வெச்சு யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க.

லோஹாஃபெக்ஸ்: அந்த 39 நாள்

என் பேப்பர்ல சொன்னதை நிஜமாவே செஞ்சு பார்த்தாங்க. 2009-ல, இந்தியாவும் ஜெர்மனியும் சேர்ந்து. அப்போ நான் எல்.கே.ஜி. வயசு. சோதனையோட பேர் லோஹாஃபெக்ஸ். 'லோஹா'ன்னா இந்தியில இரும்பு. கோவாவுல இருக்கிற தேசியக் கடலியல் நிறுவனமும், ஜெர்மனியோட ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் பார்ட்னர்ஸ். ஜெர்மனியோட போலார்ஸ்டெர்ன் கப்பல் 2009 ஜனவரியில கேப் டவுன்ல இருந்து கிளம்புச்சு.

கிளம்பின கையோட சண்டை. 'கடல்ல இரும்பைக் கொட்டறது குப்பை கொட்டற மாதிரிதான்'னு சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்ப்புக் கிளப்ப, ஜெர்மன் ஆராய்ச்சி அமைச்சகம் சோதனையை நிறுத்தி வெச்சது. கப்பல் நடுக்கடல்ல வெயிட்டிங். மறு ஆய்வுக்கு அப்புறம் ஜனவரி கடைசியிலதான் பச்சைக் கொடி கிடைச்சது.

தென் அட்லான்டிக்ல ஒரு பெரிய நீர்ச்சுழலைத் தேர்ந்தெடுத்து, 300 சதுர கிலோமீட்டர் பரப்புல, ரெண்டு தடவை, தடவைக்கு ரெண்டு டன் இரும்பு, இரும்பு சல்ஃபேட்டா கரைச்சு விட்டாங்க. 39 நாள் கூடவே இருந்து கவனிச்சாங்க.

பாசி வளர்ந்துச்சா? வளர்ந்துச்சு. பச்சையம் ரெட்டிப்பாச்சு. என் ஸ்லைடு இங்கேயே முடிஞ்சிடும். கைதட்டல், டீ, சமோசா.

கீழ போச்சா? தோரியத்தைக் கேட்டாங்க. 2013-ல வெளியான கட்டுரைப்படி, இரும்பு போட்ட இடத்துல ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்குச் சராசரியா 21 மில்லிமோல் கார்பன் நிகரமா உருவாச்சு. தோரியம் காட்டின இறக்கம் 6.3 மட்டும். இரும்பே போடாத பக்கத்துத் தண்ணியிலயும் ஏறக்குறைய அதே இறக்கம்தான்! மேலே அவ்வளவு கலாட்டா நடந்தும் பின்வாசல்ல ஒரு பார்சல்கூட எக்ஸ்ட்ரா போகலை.

ஏன்? அந்தத் தண்ணியில சிலிக்கா குறைவு. கண்ணாடி ஓடு கட்டற டயாட்டம் வகைப் பாசிக்கு அதுதான் செங்கல். அது இல்லாததால, வளர்ந்ததெல்லாம் ஓடு இல்லாத குட்டிப் பாசி. கோப்பிபாட்ங்கிற குட்டி இறால் மாதிரி ஜீவன்கள் பந்திக்கு முந்திக்கிட்டு மேலேயே மேய்ஞ்சிடுச்சு. மேய்ஞ்சது மூச்சு விட்டா, கார்பன் திரும்ப மேல் தண்ணிக்கே வந்துடும்.

ஒரு நியாயத்தையும் சொல்லிடணும். 2004-ல அதே தென் கடல்ல நடந்த இன்னொரு இரும்புச் சோதனையில டயாட்டம்தான் ஹீரோ. அங்கே வளர்ந்ததுல குறைஞ்சது பாதியாவது 1,000 மீட்டருக்குக் கீழே போச்சுன்னு 2012-ல கட்டுரை வந்தது. ஆக, 'இரும்பு வேலை செய்யுமா?'ங்கிற கேள்விக்கு 'ஆமா'வும் இல்லை, 'இல்லை'யும் இல்லை. எங்கே, எப்போ, எந்தப் பாசின்னு பார்க்கணும். எண்ணிப் பார்க்காம எதையும் சொல்ல முடியாது.

போனா, எத்தனை வருஷம்?

புரொஃபசர் கேட்காம விட்ட அடுத்த கேள்வி இது. கீழே போன கார்பன் எப்போ திரும்பி வரும்? 100 மீட்டர்லயே நின்னுட்டா, குளிர்காலக் காத்து கலக்கற கலக்குல அடுத்த வருஷமே மேலே வந்துடலாம். ஆழ்கடலுக்குப் போனா?

இதுக்கு வேற கடிகாரம். கார்பன்-14, அரை ஆயுள் 5,730 வருஷம். காஸ்மிக் கதிர் வளிமண்டலத்துல நைட்ரஜனோட விளையாடறப்போ பிறக்குது. லிப்பி இதை வெச்சுப் பழைய பொருளுக்கு வயசு சொல்லி, 1960-ல நோபல் வாங்கினார். அதையே தண்ணிக்கும் பார்க்கலாம். தண்ணி மேலே இருக்கிறவரைக்கும் காத்துல இருந்து புதுக் கார்பன்-14 ரீசார்ஜ் ஆகும். மூழ்கிட்டா கட். அப்புறம் 100 வருஷத்துக்குச் சுமார் 1.2 சதவீதம்னு பேலன்ஸ் குறைஞ்சுக்கிட்டே வரும். மிச்ச பேலன்ஸைப் பார்த்து, கடைசி ரீசார்ஜ் எப்போன்னு சொல்லிடலாம்.

1972-ல இருந்து 1978 வரைக்கும் ஜியோசெக்ஸ்ங்கிற பெரிய திட்டத்துல அட்லான்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல்னு சுத்தி வந்து அளந்தாங்க. ஒரு அளவுக்கே 200 லிட்டருக்கு மேல தண்ணி தூக்கணும். 1990-கள்ல துகள்முடுக்கியை வெச்சு அணுவையே எண்ற முறை வந்தப்புறம் அரை லிட்டர் போதும்னு ஆச்சு. ஜியோசெக்ஸ் கணக்கை வெச்சு 1983-ல ஸ்டூய்வரும் அவரோட சகாக்களும் சொன்ன பதில்: 1,500 மீட்டருக்குக் கீழே உள்ள தண்ணி முழுசா மாற அட்லான்டிக்ல சுமார் 275 வருஷம், இந்தியப் பெருங்கடல்ல 250, பசிபிக்ல 510.

யோசிச்சுப் பாருங்க. ஆழ் பசிபிக் தண்ணி வெளிச்சத்தைக் கடைசியாப் பார்த்தப்போ இங்கே விஜயநகர ஆட்சி! அதனாலதான் '100 மீட்டர் இறங்குச்சா, 1,000 மீட்டர் இறங்குச்சா?'ங்கிறது சின்ன வித்தியாசம் இல்லை. ஒண்ணு அடுத்த செமஸ்டருக்குள்ள திரும்பி வர்ற கார்பன். இன்னொண்ணு நம்ம பேரன் பேத்திகளுக்கும் தொந்தரவு தராத கார்பன்.

*

பாக்ஸ்: கடல் கடிகாரக் கடை

ரேடான்-222 (3.8 நாள்): வாயு. மேல் தண்ணியில எவ்வளவு குறையுதுன்னு பார்த்தா, கடலும் காத்தும் எவ்வளவு வேகமா வாயு மாத்திக்குதுன்னு தெரியும்.

ரேடியம்-224 (3.66 நாள்), ரேடியம்-223 (11.4 நாள்): கரையோரத் தண்ணி எவ்வளவு சீக்கிரம் நடுக்கடலுக்குப் போகுதுன்னு சொல்லும்.

ரேடியம்-226 (1,600 வருஷம்): நிலத்தடி நீர் கடலுக்குள்ள ரகசியமாக் கசியறதைக் காட்டிக்கொடுக்கும். 1969 கட்டுரையில பேர் இருக்கிற அதே வில்லர்ட் மூர் 1996-ல, அமெரிக்காவோட தெற்கு கரோலினா கரையோரத்துல கசிவு அங்கே ஆறுகள் கொட்டற தண்ணியில 40 சதவீதம் அளவுக்கு இருக்கும்னு காட்டினார்.

தோரியம்-234 (24.1 நாள்): நம்ம ஹீரோ.

*

இதுல நமக்கென்ன?

நிறைய இருக்கு பாஸ். காத்துல இருந்து எடுத்த கார்பனைக் கணக்குக் காட்டிக் காசாக்கற சந்தை ஒண்ணு வளர்ந்துக்கிட்டிருக்கு. 2012-ல கனடாவோட மேற்குக் கரைக்கு அப்பால, சுமார் 100 டன் இரும்புச் சரக்கைக் கடல்ல கொட்டினதும் பெரிய சர்ச்சையாச்சு. அங்கேயும் கடல் பச்சையாச்சு. பச்சையைப் படம் பிடிக்கிறது ரொம்பச் சுலபம். கீழே போனதை எண்றதுதான் கஷ்டம். எண்ணாம வித்தா, காத்துல இருக்கிற கார்பன் அப்படியே இருக்க, பில் மட்டும் நம்ம தலைமுறை பேர்ல வரும்.

அப்புறம், இது சயின்ஸ் குரூப்புக்கு மட்டும்னு நினைக்காதீங்க. அழுத்தம் தாங்கற பாட்டில், ஆழத்துல ஓடற பம்ப், ஆடற கப்பல்ல நடுங்காம எண்ற கவுன்ட்டர் எல்லாமே மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் மக்கள் கை வெச்சாத்தான் நடக்கும். ஜியோட்ரேசஸ்னு உலக அளவுல கடலோட அரிய தனிமங்களையும் ஐசோடோப்புகளையும் அளக்கிற திட்டத்துல இந்தியாவும் இருக்கு. கிளாஸ்ல தூங்காம 'அரை ஆயுட்காலம்' சேப்டரைக் கவனிச்சிருந்தா எனக்கு இது ரெண்டு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

பேப்பரைத் திருப்பி எழுதியிருக்கேன். அதே தலைப்பு, கடைசியில இருந்த ஆச்சரியக்குறியை எடுத்துட்டுக் கேள்விக்குறி போட்டிருக்கேன். பச்சைப் படத்துக்குப் பக்கத்துலயே 21-ம் 6.3-ம். அனிமேஷன் கட். இந்தத் தடவை பிரைஸ் வருமோ வராதோ, முன் வரிசையில அந்தப் புரொஃபசர் உட்கார்ந்திருந்தா எனக்குப் பயம் இல்லை.

உங்க காலேஜ்லயும் யாராவது இந்த மாதிரி 'பூமியைக் காப்பாத்தறோம்'னு கலர் கலரா ஸ்லைடு போட்டா, கைதட்டுங்க, தப்பில்லை. தட்டி முடிச்சதும் கையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

"கீழ போச்சா, மச்சி? எண்ணிப் பார்த்தியா?"